கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கை

பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கெங்கையம்மன் சிரசைப் பார்த்தவன் குடியாத்தத்தில் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வைகாசி பிறந்த காலை. வெயில் இன்னும் சுவரில் ஏறவில்லை. தெரு நெடுக உடைத்த தேங்காய். அந்தத் தண்ணீர் வழிந்தோடி, செருப்பில்லாத கால்களுக்கெல்லாம் பிசுபிசுப்பு. அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோயிலில் இருக்கும் உடலோடு பொருத்துவதுதான் எங்கள் ஊர்த் திருவிழா. மகன் கையால் தலை வெட்டுண்ட தாய் அவள். உயிர் திரும்பியபோது தலை ஒருத்தியுடையதாகவும் உடல் இன்னொருத்தியுடையதாகவும் சேர்ந்துபோனது என்பது கதை. மாலைகளுக்குள் புதைந்து, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, அந்தப் பெரிய முகம் கூட்டத்தின் தலைக்கு மேல் மிதந்து வரும்.

எதிர்ச் சாரியில் அம்மா நின்றாள். கையில் உடைக்காத தேங்காய். எங்கள் இருவருக்கும் நடுவில் மேளம், பம்பை, புலி வேஷக்காரர்கள், தோள்மேல் குழந்தையைத் தூக்கிக்கொண்ட தகப்பன்மார்கள்.

நான் கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தது திமிரால் அல்ல. வேலூர் டாக்டர் கொடுத்த வீட்டுப்பாடம். சிரசு போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. அம்மாவுக்கும் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது, அதில் கஷ்டம் ஜாஸ்தி. நான் எப்போதும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. அதற்கு அவள் பதில் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் இத்தனை மாதம் பட்ட பாடு ஆற்றோடு போகும். எனக்குத் திரும்ப ஒருமுறை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பு இல்லை.

சிரசு தெருமுனையில் திரும்பியது. என் உதடு, என்னைக் கேட்காமலே, கேள்வியைக் கேட்டுவிட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

பக்திமான்

போன வாரம் இதே பத்தியில் கல்லூரி வினாடி வினா நாட்களைப் பற்றி எழுதும்போது, கேள்வி முடிவதற்குள் பெல் அடிப்பவன் நான் என்று பீற்றிக்கொண்டேன். அதே மூளைதான் இதையும் செய்தது. கேள்வியே இல்லாத இடத்திலும் பெல் அடித்தது.

கல்லூரியின் கடைசி வருடம். இதே திருவிழா. இதே சிரசு. பார்த்துக்கொண்டே நிற்கும்போது மனசுக்குள் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பஸ் ஸ்டாண்டில் சர்வசாதாரணமாகப் புழங்குகிற வார்த்தைதான். நான் அழைக்கவில்லை. அது அம்மன் முகத்தைப் பார்த்து வந்தது, அவ்வளவுதான்.

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆறவில்லை. மறுபடியும் போட்டுக்கொண்டேன். போடும்போதே வார்த்தை மறுபடியும் வந்தது. அப்படியென்றால் போட்டது செல்லாது.

எல்லோருக்கும் இப்படி எதையாவது மனசு உளறும், ஈ மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டுப் பறந்துவிடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கு அது பறக்கவில்லை.

படிப்பு முடித்து ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் பஸ். குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்குப் போகிற ரோட்டில் எத்தனை கோயில் என்று சாதாரண ஆளுக்குத் தெரியாது. எனக்கு வேப்பமரத்தடிக் கல் வரைக்கும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். போடும் அந்த நொடியில் மனசு சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும். அதற்குள் பஸ் தாண்டிவிடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓரத்துப் புழுதியில் திரும்ப நடந்து, அந்தக் கல் எதிரே நின்று, சரியாக வரும்வரை.

ஒரு டீக்கடை வாசலில் இருந்தவர்கள் இதைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் கடைக்காரர் என்னைக் காட்டி யாரிடமோ சொன்னார்: “இந்தக் காலத்துப் பசங்கள்ல இப்டி ஒண்ண நீ பாத்துகீறியா? வண்டிய வுட்டு எறங்கி வந்து கும்புட்டுட்டுப் போறான்யா.”

ஓயாமல் கை கழுவுகிறவனைப் பார்த்து ஊர் என்ன ஆச்சு என்று கேட்கும். ஓயாமல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனை யாரும் கேட்பதில்லை. தெருப் பையன்களின் திருவிழாக் கமிட்டியில் என்னை மாலை வாங்கும் பொறுப்பில் போட்டார்கள். பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டினார்கள். நோய் முற்ற முற்ற எனக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது.

சத்தமில்லாத பேச்சு

எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பவர்லூமில் லுங்கி ஓட்டுகிறோம். அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். உதட்டைப் பார்த்தே பேசுவது. தறிகள் ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைப்போம், கையைக் காட்டுவோம். உள்ளங்கையைக் குறுக்கே வீசினால் ‘இல்லை’. இரண்டு கையையும் விரித்தால் ‘தெரியாது’.

அம்மாவும் நைனாவும் கல்யாணமான புதிதில் சண்டை போட்டதுகூட இப்படித்தானாம். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். “சத்தமே வராத சண்டைடா. அதான் அக்கம்பக்கம் எங்கள நல்ல ஜோடின்னு நெனச்சினு இருந்தாங்க” என்பாள் அம்மா.

என் கேள்வியும் அந்த மொழியில்தான் பிறந்தது. வேலை விட்டு வந்ததும் தறிக்கூட வாசலில் நிற்பேன். உதட்டை அசைப்பேன்: நான் எதுவும் தப்பா சொல்லிடலல்ல?

முதல் நாள் அம்மாவுக்குப் புரியவில்லை. எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஆனாலும் பிள்ளை முகம் வெளிறி நிற்கிறான். அறுந்த இழையை முடிந்துகொண்டே உள்ளங்கையைக் குறுக்கே வீசினாள். இல்ல கண்ணு.

எனக்கு மூச்சு வந்தது. சமையல்கட்டுக்குப் போய்ச் சொம்பைக் கையில் எடுப்பதற்குள் நின்றும் போனது. அம்மா கேள்வியை முழுசாகப் பார்த்துத்தான் சொன்னாளா? இழை முடிகிற கவனத்தில் சும்மா கையை ஆட்டிவிட்டாளா? திரும்பி வந்தேன்.

நாளாக ஆகக் கேள்வி சுருங்கி ‘இல்லல்ல?’ என்று ஆயிற்று. அம்மா சாப்பாடு போடும்போது, துணி உலர்த்தும்போது, மாமா வீட்டுக் கல்யாணப் பந்தியில், எங்கே இருந்தாலும் என் உதடு அசையும், அவள் கை வீசும். நைனாதான் ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வெடித்தார். “அவன் இன்னா கேக்கறான், நீ இன்னா சொல்ற? ரெண்டு பேரும் சேந்து லுங்கியப் பாழ் பண்ணுங்க.”

பிரியாணி

கம்பெனியில் எனக்கு வேலை, தைத்து வரும் ஷூ மேல்பாகங்களை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துக் கீறல் இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று சொல்வது. அதில் நான் கில்லி. ஒரு பார்வை போதும், அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன். தோலைப் பற்றி எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

லைன் சூப்பர்வைசர் நவாஸ். என் வயசு. சேர்ந்த வாரமே தோஸ்த் ஆகிவிட்டான்.

பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கைத் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு ராகத்தோடு மனப்பாடம். ஒரு வெள்ளிக்கிழமை, டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அதில் ஒரு வரி மனசுக்குள் ஓடியது. விளம்பரப் பாட்டு ஓடுகிற மாதிரி. உடனே பெல் அடித்தது. சொல்லிட்டே. இனிமே நீ யாரு?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மார்க்கத்தின் மேல் ஒரு மனத்தாங்கலும் இல்லை. பாதி நாள் நவாஸ் வீட்டுச் சோறுதான் தின்றேன். என் பயம், எனக்கே தெரியாமல் நான் வேறு ஆளாக மாறிவிட்டேனோ என்பது. அடுத்த மாதம் சர்ச் மணி அடித்ததற்கும் அதே பயம் வந்தது. சுவரில் கடவுள் மறுப்புப் போஸ்டரைப் படித்ததற்கும் வந்தது. நான் கும்பிட்டது எல்லாம் நடிப்போ? உள்ளுக்குள் எப்போதோ விட்டுவிட்டேனோ?

சோதித்துப் பார்ப்பேன். அம்மன் பெயரைச் சொல்லி, நெஞ்சில் பக்தி வருகிறதா என்று உற்றுப் பார்ப்பேன். உற்றுப் பார்த்தால் எதுதான் வரும்? வராததையே சாட்சியாக எடுத்துக்கொள்வேன். செல்போனில் தேடுவேன். ‘மனதில் நினைத்தாலே மதம் மாறுமா.’ எவனோ இல்லை என்று எழுதியிருப்பான். அவன் யார், அவனுக்கு என்ன தெரியும் என்று அடுத்ததைத் திறப்பேன்.

தாங்காமல் நவாஸிடம் கேட்டுவிட்டேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “நீ இன்னாடா, நாங்க சும்மா சேத்துப்போம்னு நெனச்சியா? சுன்னத்து இருக்குது. ரெடியா?” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “தொழுகைல நிக்கும்போது எனக்குப் பிரியாணி ஞாபகம் வருது. அப்ப நான் பிரியாணியா ஆயிட்டனா?”

எவ்வளவு நல்ல பதில். டீ கிளாஸ் காலியாகும்வரை தாங்கியது.

மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும். பிரியாணிக் கதையை அவன் முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் ஒருநாள் மெதுவாகச் சொன்னான். “பேஜார் பண்ணாதடா. சொல்லிச் சொல்லி எனக்கே டவுட் வருது.”

எல்லோரும் பார்த்துப்பாங்க

எங்கள் ஜில்லாவில் நோயை ஒரே சாமியிடம் விட்டுவைக்கிற வழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் யாரைக் கும்பிடுகிறாரோ அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம். நல்ல வழக்கம்தான். எனக்கு மட்டும் விஷமாகிப்போனது.

நான் இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து, ஏதோ பயந்திருக்கிறான் என்று அம்மா முடிவு கட்டினாள். முதலில் அம்மன் கோயிலில் மந்திரித்த மஞ்சள் கயிறு. அது பலிக்கவில்லை. லுங்கி எடுக்க வருகிற வியாபாரியின் மனைவி சொன்னார் என்று ஒரு வியாழக்கிழமை தர்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த பெரியவர் ஓதி, ஊதி, வலது கையில் தாயத்துக் கட்டினார்.

நான் எதற்கு நடுங்கினேனோ அதையே அம்மா என் கையில் கட்டிவிட்டாள். அவள்மேல் குற்றம் இல்லை. அவளுக்கு என் கேள்வி மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. கழற்றினால் அந்தப் பெரியவரின் சாமிக்கு அவமரியாதை. கழற்றாவிட்டால் நான் மாறிவிட்டதற்கு அத்தாட்சி. கழற்றவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அதை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்ததில் தோல் வழன்று புண்ணாயிற்று. சட்டைக் கையில் நீர் கோத்த கறை. பதனிடாத தோல் மாதிரி ஒரு நாற்றம்.

அப்புறம் தறிக்கூடத்தில் வேலை செய்கிற அக்கா ஒருத்தி தன் ஜெபவீட்டுக்கு அழைத்தாள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து ஜெபித்தார்கள். அன்பான மனிதர்கள். எனக்காக அழுதார்கள். எண்ணெயைக் கழுவினால் பாவம், கழுவாவிட்டால் சாட்சி. தலையில் எண்ணெய், புஜத்தில் தாயத்து, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னாள்: “இனிமே எல்லாரும் பாத்துப்பாங்க.”

அந்த மழைக்காலத்தில் சாவைப் பற்றி யோசித்தேன். செத்தால் கேள்வி நிற்கும் என்று தோன்றியது. ஆனால் செத்தால் என்னை யார் முறைப்படி எடுப்பார்கள், எந்த முறை எனக்கு உரியது என்று அடுத்த கேள்வி வந்தது. சிரிக்கலாம். அந்த அபத்தமான கேள்விதான் என்னைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு மத்தியானம், பாங்கு முடிந்த பிறகு, கம்பெனிக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். சரியாக வரவே இல்லை. மெதுவாகத் தொட்டது அறையாக மாறியது எனக்குத் தெரியவில்லை. நவாஸ் கதவை உதைத்துத் திறந்தபோது இடது காதிலிருந்து ரத்தம் காலர்வரை இறங்கியிருந்தது.

அவனைப் பார்த்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா? நான் மாறிடலல்ல?

அவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். “நீ யாரா வேணா இரு. மொதல்ல டாக்டர்கிட்ட வா.”

வேலூர்

காதைப் பார்க்க ஆரம்பித்த வைத்தியம், காது டாக்டர் கேட்ட ஒரு கேள்வியால் வேறு கட்டடத்துக்கு மாறியது. “யார் அடிச்சா?” என்று கேட்டார். நான்தான் என்றேன்.

வேறு கட்டடத்தில் இருந்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கெட்ட வார்த்தையை மட்டும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். முகம் மாறவில்லை. இந்த மேஜைக்கு இதைவிடக் கெட்டது எல்லாம் வந்திருக்கிறது என்றார்.

இதற்குப் பெயர் ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய் என்றார். சிலரை அழுக்கில் பிடிக்கும், சிலரைப் பூட்டில் பிடிக்கும். எதைப் பெரிதாக மதிக்கிறோமோ அங்கேதான் வந்து கடிக்கும் என்றார். பெயர் கிடைத்ததில் எனக்குப் பரம சந்தோஷம். ரெண்டே நாளில் செல்போனில் அதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து முடித்தேன். மூன்றாம் நாள் பெல் அடித்தது: ஒருவேளை உனக்கு ஓசிடி இல்லையோ? நிஜமாகவே மாறிவிட்டு, நோய் என்று சாக்குச் சொல்கிறாயோ?

அதையே கொண்டுபோய் அவரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடினார். “எனக்குத் தெரியாது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்க டாக்டர் என்றேன்.

“நான் இல்லைன்னு சொன்னா நாளைக்கு வந்து மறுபடி கேப்பீங்க. பதில் கெடச்சுக் கெடச்சுத்தான் நீங்க இங்க வந்து சேந்தீங்க, சரவணன். தெரியாமலே சாப்பிடறது, தெரியாமலே வேலைக்குப் போறது, அதத்தான் பழகப் போறோம்.”

சாமியை விடச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆசையாகக் கும்பிடுவதில் தனக்கு வேலையில்லை, பயத்துக்கு லஞ்சம் கொடுப்பதில்தான் வேலை என்றார்.

மாத்திரை கொடுத்தார். வாய் வறண்டது, தூக்கம் தள்ளியது. தாயத்தை நானே கழற்றி, புண்ணுக்கு மருந்து போட்டேன். பஸ்ஸில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ஒவ்வொரு கோயிலும் ஜன்னலில் கடந்து போகும்போது பல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஆம்பூரில் இறங்கும்போது சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். டீக்கடைக்காரர் என்னைத் தேடினாரா என்று தெரியவில்லை.

என் குரல்

இன்னொரு பாடம், என் பயத்தை என் குரலிலேயே செல்போனில் பதிந்து, பயம் சலித்துப்போகும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது. பதிந்தேன்: ‘ஒருவேளை அம்மன் என்னை மன்னிக்காமலே போகலாம். ஒருவேளை நான் யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.’

ஹெட்போன் ஒயர் கழன்று சத்தம் வெளியே வருவது தெரியாமல் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அன்று கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை. அதனால் அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அவள் செல்போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். போட்ட கையோடு கற்பூரத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு வேலூருக்கு வந்தாள், டாக்டரோடு சண்டை போட.

அந்தச் சண்டையை நான் மறக்க மாட்டேன். தறிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்கச் சத்தமில்லாமல் பேசியவள் அன்று அந்த அறையில் பேசியது வராண்டாவரை கேட்டிருக்கும். பிள்ளையைச் சரியாக்கு என்றால் சாபத்தைச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டாள். டாக்டர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இவன் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்வதையும் நிறுத்த வேண்டும் என்றார்.

அம்மாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. “பெத்த புள்ள பயந்து கேக்கறான். இல்ல கண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லாத இருக்கச் சொல்றீங்களா டாக்டரம்மா?”

“ஆமாம்மா.”

“அது எப்டிம்மா முடியும்?”

கஷ்டம்தான் என்றார் டாக்டர். நீங்கள் இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், கேட்டது ரொம்பப் பெரிய ஆபத்து என்று அவன் மனசு எடுத்துக்கொள்கிறது என்றார்.

வருகிற வழியில் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஊர் எல்லை அம்மன் கோயில் வந்தபோது அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். தன் முந்தானையை எடுத்து என் தொடைமேல் போர்த்தி, அந்தக் கைகளை மூடினாள், யாரும் பார்த்து ஏதும் சொல்லிவிடாதபடிக்கு.

சிரசு

இப்போது தெருவுக்குத் திரும்புகிறேன்.

சிரசு திரும்பியது. என் உதடு அசைந்தது. இல்லல்ல?

மேளத்துக்கும் பம்பைக்கும் நடுவில், அத்தனை தலைகளைத் தாண்டி, அம்மா அதைப் படித்துவிட்டாள். இத்தனை வருடம் தறிக்கு அப்பாலிருந்து படித்தவளுக்கு ஒரு தெரு என்ன தூரம்?

அவள் வலது கை எழுந்தது. உள்ளங்கை குறுக்கே வீசுவதற்குத் திரும்பியது. எனக்கு வீசிவிடு அம்மா என்றுதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் குணமாக வேண்டும் என்ற ஆசையே இல்லை. அந்தக் கை வீசினால் போதும்.

கை பாதியில் நின்றது. முகம் கோணியது. பிறகு அவள் இரண்டு கையையும் விரித்தாள். தெரியாது.

விரித்த இடது கையிலிருந்து தேங்காய் நழுவிக் கீழே விழுந்தது. உடையவில்லை. உருண்டு, கூட்டத்தின் கால்களுக்குள் எங்கோ போனது. அவள் குனியப் போனாள், கூட்டம் விடவில்லை.

அம்மன் என் முன்னால் வந்தாள். கண்ணை மூடாமல் பார்த்தேன். வார்த்தை வந்தது. அதே பழைய வார்த்தை, அதன் பின்னாலேயே புதுசாக இன்னும் சில. பாக்கெட்டுக்குள் விரல்கள் துணியோடு சேர்த்துத் தொடையைப் பிடித்திருந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர் முழங்கையால் இடித்தார். “கைய எட்றா. அம்மன் வர்றா, பாக்கெட்ல கைய வுட்டுனு நிக்கிற. நீதான மாலை வாங்கினு இருந்த புள்ள? இன்னா வந்துச்சி உனக்கு?”

அம்மன் முகம் கடந்து போனது. பூ வாசனையும் வியர்வையும் கற்பூரப் புகையும் கொஞ்ச நேரம் நின்றன. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது எனக்குத் தெரியாது. எதுவாவது ஆகியிருக்கலாம். நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான் தெரியும்.

அன்றைக்குத் தறிகளுக்கு லீவு. வீடு அத்தனை அமைதியாக இருந்ததே எனக்கு விநோதமாக இருந்தது. நைனா ஆற்றங்கரைக் கடைகளைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா இலை போட்டு, கறிக்குழம்பை இறக்கி வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். அவள் சாப்பிடவில்லை. விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“தேங்கா கீழ வுழுந்துடுச்சி” என்றாள்.

“ம்.”

“வேண்டினு வாங்கன தேங்கா.”

நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தறிக்கூட வாசலில் நின்று வருடக்கணக்காக நான் பார்த்த பார்வை.

“அம்மன் கோச்சுக்க மாட்டால்லடா?”

இல்லம்மா என்று சொல்வது எத்தனை சுலபம். வாய்வரை வந்துவிட்டது. அவளுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்கும். எனக்காக எத்தனை முறை சொன்னவள்.

“தெரியலம்மா” என்றேன்.

அவள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு தனக்கும் ஒரு இலையை இழுத்துப் போட்டு, குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

“சரி. ஊத்திக்கோ. ஆறிடப் போவுது.”